ஜால்ரா மட்டும் கேட்கும் இடம்

கேள்வி கேட்டது சுலோச்சனா டீச்சர். பதில் சொல்லி முடிக்கச் செங்கமலத்துக்கு ஒரு புரட்டாசி மாதம் முழுசாகத் தேவைப்பட்டது. அதிலும் அவள் வாயைத் திறந்து சொன்னது கொஞ்சம்தான்.

டீச்சர் அரசுப் பள்ளியில் முப்பத்து மூன்று வருஷம் பாட்டு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். கோயமுத்தூரில் ஒரு பழைய பஞ்சாலைக்குப் பின்னால் இருக்கிற வீதியில் வீடு. கணவர் போய் இரண்டு வருஷமாகிறது. வீட்டில் அவரும் ஒரு சுருதிப் பெட்டியும்தான். வீதியின் நடுவில் ஓடு வேய்ந்த ஒரு பஜனைக் கோயில் உண்டு. சனிக்கிழமை சாயங்காலமானால் அங்கிருந்து ஜால்ராச் சத்தம் கிளம்பும். சும்மா போய் ஒரு மூலையில் உட்காரலாம் என்று போனவருக்கு, நாலே வாரத்தில் சனிக்கிழமை எப்போது வரும் என்றாகிவிட்டது.

அங்கே பாட்டை எடுத்துக் கொடுப்பவள் செங்கமலம். நாற்பது வயது. பகலெல்லாம் மாவு மில் ஓட்டுவாள். மிஷின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசிக் குரல் ஒரு மாதிரி கட்டையாகிப் போயிருக்கும். ஆனால் அந்தக் கட்டைக் குரலில் அவள் ஒரு வரியை எடுத்துக் கொடுத்தால், உட்கார்ந்திருக்கிற நாற்பது பேரும் அதை அப்படியே வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். தலைமுடியில் மாவு ஒட்டியிருப்பதைக்கூடத் துடைக்காமல் வந்து உட்காருவாள் மகராசி.

ஒருநாள் டீச்சர் ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, நாலு கொய்யாப்பழம் எடுத்துக்கொண்டு மில்லுக்கே போய் நின்றார்.

"எனக்கு பஜனை சொல்லிக் குடுக்கணும் செங்கமலம்."

செங்கமலம் மிஷினை நிறுத்திவிட்டாள்.

"அட, என்னங் டீச்சர் இது கூத்து! எம் புள்ளைக்கே நீங்கதான பாட்டு சொல்லிக் குடுத்தீங்க?"

"பாட்டு எனக்குத் தெரியும். பஜனை தெரியாது."

செங்கமலம் சேலை முந்தானையில் கையைத் துடைத்துவிட்டுத் தட்டை வாங்கினாள்.

"இவ்வளவு தெரிஞ்சவங்களுக்கு நான் என்னங் சொல்லப் போறேன்? வந்து உக்காருங். அப்புறம் பாப்போம்."

டீச்சர் வந்து உட்கார்ந்தார். செங்கமலத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்தார். பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் ஒரு தொல்லை அவருக்குத் தெளிவாகக் கேட்டது.

அந்தக் கோயிலில் எந்தப் பாட்டானாலும் ஒவ்வொரு வரியும் கோவிந்தாவில்தான் முடியும். 'தூக்கி வந்த பாரமெல்லாம், கோவிந்தா' என்று செங்கமலம் எடுப்பாள். எல்லோரும் வாங்கிப் பாடுவார்கள். அடுத்த வரி வர வேண்டிய இடத்தில் வராது. எல்லோரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஜால்ரா மட்டும் கேட்கும். பிறகு தூண் ஓரத்திலிருந்து ஒற்றைக் குரல் ஒன்று, கரகரவென்று, "கோ...விந்தா" என்று வந்து சேரும். அதற்கப்புறம்தான் செங்கமலம் அடுத்த வரியை எடுப்பாள். இந்தக் காத்திருப்பு சில சமயம் தாளத்தில் அரைச் சுற்று, சில சமயம் ஒன்றரைச் சுற்று. ஒரு ஒழுங்கும் கிடையாது. தாளம் தப்பிய பிள்ளைகளை முப்பத்து மூன்று வருஷமாகப் பெஞ்சு மேல் ஏற்றிய டீச்சருக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"செங்கமலம், ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங் டீச்சர்."

"நடுவுல எல்லாரும் சும்மா உக்காந்திருக்காங்களே, ஜால்ரா மட்டும் கேக்குதே, அது எந்தத் தாளக் கணக்கு?"

"கணக்கெல்லாம் ஒண்ணுமில்லீங். நஞ்சப்பண்ணன் வரோணுமில்லீங்களா."

நஞ்சப்பன் கோயிலுக்கு எதிர்வீட்டுக்காரர். பஞ்சாலையில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவர். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி, இப்போது பத்து அடி நடந்தால் நின்று மூச்சு வாங்குகிற ஆள். எல்லோரோடும் சேர்ந்து வரியைப் பாட அவருக்கு மூச்சு எட்டாது. வரியை விட்டுவிட்டு, கடைசிக் கோவிந்தாவுக்கு மட்டும் மூச்சைச் சேர்த்துக்கொண்டு வருவார். அது வந்து சேர நேரமாகும்.

"ஒருத்தருக்காக நாப்பது பேரா?"

"ஆமாங்."

"தாளம் போயிடுதே!"

"போனா வந்துருதுங் டீச்சர்."

டீச்சர் விடுவதாக இல்லை. "புரட்டாசி பொறக்குது. மூணாவது சனிக்கிழமை மலைக்கு வேற போறோம். இந்த மாசம் நான் எடுத்துக் குடுக்கட்டுமா? தாளத்தைச் சரி பண்ணிக் காட்டறேன்."

செங்கமலம் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. "பண்ணுங்" என்றாள். அவள் முகத்தில் சந்தோஷம்தான் தெரிந்தது.

முதல் சனிக்கிழமை டீச்சர் ஜமாய்த்துவிட்டார். பின்னே? தேய்த்து மெருகேற்றின குரல். அடுத்த வீதியிலிருந்துகூட ஆட்கள் வந்து வாசலில் நின்று கேட்டார்கள். அந்தச் சும்மா இருக்கும் இடம் வந்ததும், அதற்கு இடமே கொடுக்காமல், அழகாக ஒரு வளைவு வளைத்து அடுத்த வரியைப் பிடித்துக்கொண்டார். கூட்டத்துக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகு ஓடி வந்து சேர்ந்துகொண்டது.

தூண் ஓரத்தில் நஞ்சப்பன் வாயைத் திறந்திருந்ததை டீச்சர் ஓரக்கண்ணால் பார்த்தார். மூச்சு வந்து, குரல் கிளம்புகிற நேரத்துக்குப் பாட்டு அடுத்த வரியில் பாதி தூரம் போயிருந்தது. இரண்டாவது வரியிலும் அப்படியே. நாலாவது வரிக்குப் பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை. கையால் மட்டும் தொடையில் தட்டிக்கொண்டிருந்தார்.

பூஜை முடிந்து டீச்சர் குஷியாகச் செங்கமலத்திடம் வந்தார். "தாளம் இன்னிக்கு ஒரு இடத்துலகூட விடல. கவனிச்சீங்களா?"

"கவனிச்சேனுங்."

"எப்படி இருந்துச்சு?"

"அப்படியே ரேடியோ கேட்டாப்பல இருந்துச்சுங் டீச்சர்."

டீச்சர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினார். அது பாராட்டுத்தானா என்று யோசிக்க அவருக்கு இன்னும் சில நாள் பிடித்தது.

இரண்டாவது சனிக்கிழமை நஞ்சப்பன் வரவில்லை. செங்கமலம் வழக்கம்போல் தூண் ஓரத்தில் ஒரு கோரைப்பாயை விரித்தாள். பாட்டு ஆரம்பித்தது, முடிந்தது. பாயில் யாரும் உட்காரவில்லை. கூட்டம் நெருக்கியடித்தபோதும் அந்த இடத்தை யாரும் மிதிக்கவில்லை.

"அது யாருக்கு?" என்று கேட்டார் டீச்சர்.

"நஞ்சப்பண்ணனுக்குங்."

"அவர்தான் வரலையே?"

"வந்தா உக்கார இடம் வேணுமில்லீங்."

டீச்சர் காலிப் பாயைப் பார்த்தார். "என்னாலதான் வரலையா?"

செங்கமலம் பாயைச் சுருட்டினாள். "மலைக்குப் போயிட்டு வந்து பேசிக்கலாமுங்" என்றாள்.

மலை என்பது ஊருக்கு வடக்கே, ஐந்நூற்றுச் சொச்சம் படி. மேலே பெருமாள். வருஷா வருஷம் மூன்றாவது சனிக்கிழமை காலையில் பஜனைக் கூட்டம் பாடிக்கொண்டே ஏறும். அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அடிப்படியில் எடுத்த பாட்டை உச்சிப்படியில்தான் விட வேண்டும். நடுவில் ஒரு வார்த்தை வேறு பேச்சுக் கிடையாது. போன வருஷம் ஏழு மணிக்கு ஏறத் தொடங்கிப் பதினொரு மணிக்குத்தான் மேலே போய்ச் சேர்ந்தார்கள் என்று டீச்சர் கேள்விப்பட்டிருந்தார். காரணம் நஞ்சப்பன்தான் என்று யாரும் சொல்லாமலே அவருக்கு விளங்கியது. இந்த வருஷம் ஒரு மணி நேரத்தில் ஏறிவிடலாம்.

நஞ்சப்பன் அன்றும் வரவில்லை. டீச்சர் அடிப்படியைத் தொட்டுக் கும்பிட்டு முதல் வரியை எடுத்தார்.

நூறு படி வரைக்கும் ஜோராகத்தான் போனது. நூற்றைம்பதில் வளைவெல்லாம் உதிர்ந்துவிட்டது. பாட்டை வெறுமனே சொன்னாலே போதும் என்றாகிவிட்டது. இருநூறு தாண்டியதும் டீச்சரின் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. காது அடைத்தது. அறுபது வயதுக்கு மேல், சமதரையில் நின்று பாடியே பழகின உடம்பு. ஒரு வரியை எடுத்தார். எல்லோரும் வாங்கிப் பாடினார்கள். அடுத்த வரிக்கு வாயைத் திறந்தார். காற்றுத்தான் வந்தது.

டீச்சர் முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார்.

கூட்டமும் நின்றது.

பேசக் கூடாது. அதனால் கையை ஆட்டி, நீங்க எடுங்க, நீங்க எடுத்துட்டுப் போங்க என்று செங்கமலத்துக்குச் சைகை காட்டினார். செங்கமலம் தலையை ஆட்டினாள். மாட்டேனென்று. அவள் கையில் ஜால்ரா மட்டும் மெல்ல ஒலித்துக்கொண்டிருந்தது. பின்னால் துளசிக் கூடையைத் தலையில் வைத்திருந்தவள் அப்படியே நின்றாள். குழந்தையை இடுப்பில் வைத்திருந்தவள் இடுப்பை மாற்றிக்கொண்டாள். யாரும் முகம் சுளிக்கவில்லை. யாரும் மணி பார்க்கவில்லை. நடுமலையில், வெயில் ஏறிக்கொண்டிருக்க, அத்தனை பேரும் ஒரு பொம்பளையின் மூச்சு திரும்பி வருவதற்காக நின்றார்கள்.

டீச்சருக்கு அவமானமாக இருந்தது. அப்புறம் அவமானம் போய், அழுகை வந்தது. அழுகையும் அடங்கின பிறகு, எங்கிருந்தோ கொஞ்சம் மூச்சு வந்தது. அரை வரியைச் சொன்னார். பாட்டுக்கூட இல்லை, சொன்னார். அவ்வளவுதான், நாற்பது குரலும் அதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டன.

உச்சிக்குப் போவதற்குள் பதினொரு தடவை அப்படி நின்றார்கள்.

தரிசனம் முடிந்து பாறை நிழலில் எல்லோரும் புளியோதரை சாப்பிட உட்கார்ந்தார்கள். செங்கமலம்தான் பரிமாறினாள். டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை.

"நீங்க எடுத்துட்டுப் போயிருக்கலாமே செங்கமலம். நான் பின்னால மெதுவா வந்திருப்பேனே."

"எப்படீங் அது?"

"எப்படின்னா? என்னை விட்டுட்டுப் பாடியிருக்கலாம்."

"ஆளை விட்டுட்டுப் பாடறதுக்கு எங்கப்பன் எனக்குச் சொல்லிக் குடுக்கலீங் டீச்சர். பாதிதான் சொல்லிக் குடுத்தாரு. அதுக்குள்ள போய்ச் சேந்துட்டாரு." செங்கமலம் கரண்டியைத் தூக்கினாள். "இன்னொரு கரண்டி வெக்கட்டுங்களா?"

டீச்சர் இலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

கீழே இறங்கி ஊர் வந்ததும் அவர் தன் வீட்டுக்குப் போகவில்லை. பிரசாதப் பொட்டலத்தோடு நேரே நஞ்சப்பன் வீட்டுக்குப் போனார்.

"வாங், வாங் டீச்சர்!" நஞ்சப்பன் எழுந்திருக்கப் பார்த்தார். மூச்சு வாங்கியது. மறுபடி உட்கார்ந்தார். பக்கத்தில் மருந்து பம்ப். சன்னலுக்கு அந்தப் பக்கம் பஜனைக் கோயிலின் வாசல் தெரிந்தது.

"ஏன் அண்ணா வர்றதில்ல?"

"இங்கிருந்தே கேட்டுட்டுத்தானுங் இருக்கேன். சன்னலைத் தொறந்து வெச்சா நல்லாக் கேக்குது. என்ன ஒரு பாட்டுங்! நானும் இருந்தா, நடுவுல கரகரன்னு, சோத்துல கல்லு கடிபட்டாப்பல... வேண்டாமுங். நீங்க நல்லாப் பாடறதை நான் எதுக்குங் கெடுக்கோணும்?"

அவர் குரலில் கோபம் ஒரு துளி இல்லை. இருந்திருந்தால் டீச்சருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"தப்பு எம்மேலதான் அண்ணா."

"அட, நீங்க ஒண்ணு! தாளம்னா தாளந்தானுங்." நஞ்சப்பன் பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "மில்லுல இருந்தப்ப, டீச்சர், பக்கத்துல நின்னு கத்தினாலும் ஒருத்தருக்கும் கேக்காதுங். அவ்வளவு சத்தம். முப்பத்தியோரு வருஷம் நான் பேசினது யாருக்கும் கேக்கல. இங்க வந்துதானுங், நான் ஒத்த வார்த்தை சொல்றதுக்கு நாப்பது பேரு காதைத் தீட்டிட்டு உக்காந்திருந்தாங்க. எட்டு வருஷம் கெடச்சுதுங். போதுமுங்."

"அடுத்த சனிக்கிழமை வந்துருங்க அண்ணா."

"பாக்கலாமுங்" என்றார் நஞ்சப்பன். வர மாட்டேன் என்பதை அவர் அப்படித்தான் சொல்வார் என்று டீச்சருக்குப் புரிந்தது.

நாலாவது சனிக்கிழமை. புரட்டாசியில் கடைசி. கோயிலில் உட்கார இடமில்லை. டீச்சரின் பாட்டைக் கேட்கவென்றே வெளி ஆட்களும் வந்திருந்தார்கள். பின்கட்டில் பெரிய அண்டாவில் சர்க்கரைப் பொங்கல் கிண்டிக்கொண்டிருந்தார்கள். தூண் ஓரத்தில் கோரைப்பாய் விரித்திருந்தது. இந்தத் தடவை அதை விரித்தவர் டீச்சர்.

முதல் வரியை எடுத்தார்.

"தூக்கி வந்த பாரமெல்லாம், கோவிந்தா..."

வளைவில்லை, நெளிவில்லை. கூட்டம் வாங்கித் திருப்பிப் பாடியது.

டீச்சர் வாயை மூடிக்கொண்டார்.

ஜால்ரா ஒரு சுற்றுப் போனது. இரண்டு போனது. புதிதாக வந்தவர்கள், பாட்டு மறந்துவிட்டதா என்று பார்த்தார்கள். ஆர்மோனியக்காரர் விரலைக் கட்டையிலிருந்து எடுத்துக்கொண்டார். பழைய ஆட்கள் அசையவில்லை. அவர்களுக்குப் புரிந்துவிட்டது. ஒவ்வொருவராகக் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஐந்து சுற்று. ஆறு. தாளம் போட்டே பழகின டீச்சரின் கை தானாகத் தொடையில் எண்ணிக்கொண்டிருந்தது. பத்துக்கு மேல் அதுவும் எண்ணிக்கையை விட்டுவிட்டது.

டீச்சருக்குப் பயம் வந்தது. செங்கமலத்தின் பக்கம் சாய்ந்து, உதடு அசையாமல் கேட்டார்.

"வரலைன்னா?"

செங்கமலத்தின் கை ஜால்ராவை விடவில்லை. பின்கட்டுப் பக்கம் ஒரு தரம் திரும்பி வாசம் பிடித்துப் பார்த்தாள்.

"என்னங் அவசரம் டீச்சர்? பொங்கலே இன்னும் வேகலீங்."

டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

எதிர்வீட்டில் தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு இருமல். அப்புறம் செருப்பு, தரையில் தேய்ந்து தேய்ந்து வந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அந்த மனுஷன் கூச்சப்பட்டுத் திரும்பிவிடுவார் என்று எல்லோருக்கும் தெரியும். நடுவீதியில் செருப்புச் சத்தம் நின்றது. மூச்சு வாங்குகிறார். ஜால்ரா போய்க்கொண்டே இருந்தது. மறுபடியும் செருப்பு. வாசற்படி. நிலையைப் பிடித்துக்கொள்கிற கை.

"கோ..."

நாற்பது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

"...விந்தா!"

தாளத்தில் அது எங்கே விழுந்தது என்று டீச்சரைக் கேட்டால் சொல்லியிருக்க மாட்டார். அவருக்குத் தெரியாது. நஞ்சப்பன் மெல்ல நடந்து போய்த் தன் பாயில் உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அடுத்த வரிக்காக டீச்சரைப் பார்த்தார்.

டீச்சர் எடுக்க வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. செங்கமலத்தைப் பார்த்தார். அவள் எடுக்கவில்லை. தூண் ஓரத்தைப் பார்த்தார். நஞ்சப்பன், ஒன்றும் அவசரமில்லை என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு, சாவகாசமாகத் தூணில் சாய்ந்துகொண்டார்.

எல்லோரும் காத்திருந்தார்கள். ஜால்ரா மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.